மூன்று கிலோ நானூறு

பித்தளை என்றுதான் சீட்டில் எழுதினேன்.
மூன்று கிலோ நானூறு.
கீழக்கரையில் என் காயலாங்கடைத் தராசுக்கு
வேறு பெயர் தெரியாது.

ஜைனம்பு நாச்சியா சிமெண்டுச் சாக்கை அவிழ்த்ததும்
முதலில் விழுந்தது ஒரு கிடாத் தலை,
கொம்பு சுருண்டு, மூக்கு மழுங்கி.
பிறகு ரிப்பன் முடிச்சுகள், காது வைத்த ஜாடிகள்,
சிறகு முளைத்த ஒரு பிள்ளை முகம்.
கண்ணையும் வாயையும் யாரோ ராவியிருந்தார்கள்.
"வீட்டுல உருவம் ஆகாதுல்ல," என்றார்.
பிறகு இலைகள்.
சாக்கை உதற உதற இலைகள்.

"அலமாரி எங்கே?"
"கறையான் தின்னு மூணு வருசமாச்சு.
கதவைத் தொட்டேன், மாவாக் கொட்டிருச்சு.
இதுக மட்டும்
எதுல ஒட்டியிருந்தோம்னு தெரியாம
தரையில கெடந்துச்சு."

கப்பல் வைத்திருந்த வீடு.
கொழும்பு ஏலத்தில் எடுத்தது என்கிறார்கள்,
பினாங்கு என்று இன்னொரு பேச்சும் இருக்கிறது.
காகிதம் ஏதும் இல்லை.
இலைகளின் முதுகில் மட்டும் கீறிய எண்கள்:
ஏழு, எட்டு, பத்து.
ஒன்பதைக் காணோம்.

எட்டின் ஓரத்தில்
அரத்தை ஒரு இழுப்பு இழுத்தேன்.
தோல் பொன், உள்ளே பித்தளை.
பாதரசத்தில் பொன்னைக் குழைத்துப் பூசி
நெருப்பில் காட்டினால்
பாதரசம் போகும், பொன் தங்கும்,
காட்டியவனுக்குப் பல் ஆடும், கை நடுங்கும்
என்று மதுரையில் ஒரு மெருகுக்காரர் சொன்னதுண்டு.
இலையில் அந்த நடுக்கம் இல்லை.
நரம்புகள் நேராக ஓடின.

"பொன்னுக்குத் தனியாப் போடுவீங்களா?"
"சுரண்டினா திராவகக் காசுக்கே காணாதும்மா."
சிரித்தார்.
"எங்க வீட்டுப் பேரும் இப்ப அப்படித்தான்."
எண்ணிய பணத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டு
சாக்கை மட்டும் திருப்பிக் கேட்டார்.

படம் அனுப்பினேன்.
காரைக்குடிக்காரர் உடனே கூப்பிட்டார்:
"கிரேக்க இலை அது, லண்டன் வார்ப்பு.
பழசைப் பார்த்துப் புதுசாச் செஞ்சது,
இப்ப அதுவும் பழசு.
அரம் பட்டது எனக்கு வேண்டாம்."

நண்டு இல்லாத மாதங்களில்
எனக்குச் சுமை தூக்கும் சூசை,
காரங்காட்டுக்காரன்,
எட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தான்.
"கிரேக்கமாவது ஒண்ணாவது.
இது கழுதைமுள்ளி.
எங்க கழியில எறங்கினா
கெண்டைக்காலைக் கிழிச்சிரும். நீலமாப் பூக்கும்."

முண்டகம்.
பள்ளிக்கூடத்தில் அதற்குத் தாமரை என்று எழுதி
அரை மதிப்பெண் போனது.
நெய்தல் பாட்டில் அது முள்ளிடா என்றார் வாத்தியார்.
அரை மதிப்பெண்ணுக்காக
இருபத்தெட்டு வருடம் கழித்து
எவனோ லண்டனில் வார்த்த இலையைப்
பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைய கூலியில் நூறைக் கழித்துவிட்டு
எட்டை எடுத்துக்கொண்டான் சூசை.

பங்குனியில் காரங்காடு போனேன்,
பழைய எஞ்சின் ஒன்று விலைக்கு என்று.
வள்ளத்தின் அணியத்தில் அறைந்திருந்தான் அதை,
நான்கு ஆணி, ஒன்று கோணல்.
வள்ளம் ஒதுங்கியிருந்த கரை முழுக்க முள்ளி.
வெயிலில் ஒவ்வொரு இலையும்
குடித்த உப்பைப் பொடியாக வெளியே தள்ளி
மேலே வைத்திருந்தது.
பொன் இலையிலும் உப்பு,
ஆனால் அது உள்ளே போய்க்கொண்டிருந்தது.

விரலால் துடைத்துப் பார்த்தேன்.
மற்ற இடமெல்லாம் மஞ்சளாகத்தான் இருக்கிறது.
பச்சை ஏறியிருந்தது ஓரத்தில்,
அரம் ஓடிய நீளத்துக்கு,
சரியாக அந்த நீளத்துக்கு.

"என்ன மொதலாளி, வெலை பாக்குறீகளா?
வத்தம் விழுந்துருச்சு,
ஏறுங்க."